வழிவிடுதலும் மருத்துவமே

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை எங்கள் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாயிலருகே ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நிற்க வேண்டியதாயிற்று என்று சொல்வதே பொருந்தும். வாயிலுக்கு ஏறும் சரிவுப் பாதையின் குறுக்கே ஒரு கார் நிறுத்தப்பட்டிருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்தார். காவலர் இங்குமங்கும் ஓடினார். ஒலிபெருக்கியில் வண்டி எண்ணை அறிவித்தார்கள். எவரும் வராததால், ஆம்புலன்ஸ் நின்ற இடத்திலேயே கதவைத் திறந்து, ஸ்ட்ரெச்சரை இறக்கி, மேடுபள்ளமான தரையில் மெல்ல உருட்டிக்கொண்டு உள்ளே வந்தோம். அதற்குள் நான்கு நிமிடங்கள் கழிந்திருந்தன.

காரின் உரிமையாளர் கையில் சாவியுடன் ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. "ரெண்டு நிமிஷம்தாண்ணே, அப்பாவுக்குக் கஞ்சியைக் குடுத்துட்டு வந்துடலாம்னு நினைச்சேன்" என்றார் காவலரிடம். அவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரங்களுக்கு முன்னர், பக்கவாதம் கண்ட தம் தந்தையை இதே வாயிலுக்கு ஆம்புலன்ஸில் அழைத்து வந்தவர் அவர். "வழி நெடுக ஒருத்தர்கூட ஒதுங்கலை டாக்டர்" என்று அன்று கண் கலங்க எங்களிடம் முறையிட்டவரும் அவரே.

அன்று மாலை வந்தவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. மகன் ஓட்டிய இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்து சென்றவர். சிக்னல் இல்லாத ஒரு நாற்சந்தியில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. அவர் நிற்பார் என்று இவர் எண்ணியிருக்கிறார். இவர் நிற்பார் என்று அவர் எண்ணியிருக்கிறார். இருவருமே நிற்கவில்லை. தொடையெலும்பு முறிந்த நிலையில் அந்த அம்மையார் எங்களிடம் வந்தார். நல்வினையாகப் பிழைத்துக்கொண்டார். எனினும், ஒரு மணி நேரத்துக்குள் இருமுறை அவருக்கு வழி மறுக்கப்பட்டது: முதலில் நாற்சந்தியில், பின்னர் எங்கள் வாயிலில். மறுத்தவர்களுள் எவரும் தீயவர் அல்லர். அனைவரும் சற்றே அவசரத்தில் இருந்தவர்கள். அந்த எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

படுக்கைகள் சொல்லும் கணக்கு

சாலை விபத்து என்றதும் செய்தித்தாளில் வரும் உயிரிழப்பு எண்ணிக்கையே நம் நினைவுக்கு வருகிறது. அவ்வெண்ணிக்கை சிறியதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். நாளொன்றுக்குச் சராசரியாக 460 பேருக்கு மேல் மாண்டிருக்கின்றனர். அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் நம் தமிழ்நாடு. இங்கு மட்டும் 64,105 விபத்துகளும் 17,884 உயிரிழப்புகளும் பதிவாயின.

மாண்டவர்கள் யாவர் என்பதையும் நோக்க வேண்டும். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். அதாவது மூவரில் இருவர், தம்மைச் சுற்றி இரும்புக்கூடு ஏதுமின்றிச் சாலையில் இருந்தவர்கள். விபத்துகளில் பத்தில் ஏழு, அளவுமீறிய வேகத்தால் நேர்ந்தவை என்றும் அதே அறிக்கை வகைப்படுத்துகிறது.

ஆனால் மருத்துவமனையில் இருக்கும் எங்களுக்கு, இறந்தவர் எண்ணிக்கையைவிடக் காயமுற்றோர் எண்ணிக்கையே நாள்தோறும் கண்முன் நிற்கிறது. 'காயம்' என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் அடங்கியிருக்கிறது என்பதை இவ்விதழைப் படிக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். தொடையெலும்பு முறிந்தால் தோலுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் குருதி கசிந்துவிடக்கூடும். அறுவை சிகிச்சை செய்து உள்ளே கம்பி பொருத்த வேண்டும். எலும்பு கூடுவதற்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். தலைக்காயமாயின், எலும்பைப்போல் நாள் குறித்துச் சொல்லவும் இயலாது. சிலருக்கு நினைவாற்றல் மெல்லத் திரும்புகிறது. சிலருக்கு முன்பிருந்த குணம் திரும்புவதில்லை.

படுக்கையில் இருப்பவர் ஒருவர். அவருடன் சேர்ந்து நோய்ப்படுவது ஒரு குடும்பம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவி, கல்லூரிக்கு விடுப்பு எடுத்துவிட்டுத் தந்தைக்கு உணவூட்டும் மகள், ஊரில் நகையை அடகு வைத்துவிட்டு வரும் அண்ணன். இவர்களில் எவர் பெயரும் விபத்துப் புள்ளிவிவரத்தில் வருவதில்லை. இந்தத் தாழ்வாரங்களில் நாள்களைக் கழிக்கும் உங்களிடம் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டு நிமிடத்தின் விலை

சாலையில் எதற்காக விரைகிறோம் என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 12 நிமிடங்கள் ஆகும். வேகத்தை 60 கிலோமீட்டராகக் கூட்டினால் 10 நிமிடங்கள் ஆகும். மிச்சம் இரண்டு நிமிடங்கள். அதுவும் வழியில் தடையே இல்லாவிட்டால். இடையில் ஒரு சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த மிச்சமும் கரைந்துபோகும். நம்மை முந்திச் சீறிச் சென்றவர் அடுத்த சிக்னலில் நம் பக்கத்திலேயே நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண்டு, மூளை அதனை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு விநாடியேனும் கழிந்துவிடும். அந்த 17 மீட்டரும் பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் கடந்துவிட்ட தூரம். மேலும், வேகம் 40 இலிருந்து 60 ஆகும்போது ஒன்றரை மடங்குதான் கூடுகிறது; மோதலின் ஆற்றலோ இரண்டேகால் மடங்காகிறது. அந்த ஆற்றலைத் தாங்குவது எலும்பும் தசையும் மூளையும்தான். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால், உயிரைப் பறிக்கும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வழிவிடுவதற்கு ஆகும் செலவையும் இதனுடன் வைத்து ஒப்பிடுவோம். ஒரு சந்தியில் நின்று மற்றவரைப் போக விடுவதற்குப் பத்து விநாடி ஆகலாம். ஒரு நாளில் முப்பது முறை அவ்வாறு வழிவிட்டாலும் மொத்தச் செலவு ஐந்தே நிமிடம். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் அச்செலவும் ஈடாகிவிடும். ஒருபுறம் ஐந்து நிமிடம். மறுபுறம் ஆறு மாதம். இவ்வளவு தெளிவான கணக்கை மருத்துவத்தில் நாங்கள் அரிதாகவே காண்கிறோம்.

உரிமை யாருடையது?

விபத்துக்குப்பின் எங்களிடம் வருவோர் பெரும்பாலும் சொல்லும் முதல் வாக்கியம், "என்மேல் தவறில்லை" என்பதாகும். பல வேளைகளில் அது முற்றிலும் உண்மை. ஆனால் எக்ஸ்ரே படத்தில் எலும்பு முறிந்திருப்பது தெரியும். தவறு யாருடையது என்பது தெரியாது. எங்கள் வார்டில் தவறு செய்தவரும் செய்யாதவரும் அடுத்தடுத்த படுக்கைகளில் படுத்திருந்ததுண்டு. இருவருக்கும் ஒரே வலி, ஒரே மருந்து.

'எனக்குத்தான் முன்னுரிமை' என்று நாம் எண்ணும் இடங்களில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். 2017 ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை வரையறுக்கின்றன. கிளைச் சாலையிலிருந்து முதன்மைச் சாலையில் சேர்பவர், முதன்மைச் சாலையில் வருபவருக்கு வழிவிட வேண்டும். சிக்னலோ பலகையோ இல்லாத மற்றச் சந்திகளில், தம் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவுக்குள் நுழைபவர், அதற்குள் ஏற்கெனவே சுற்றி வருபவருக்கு வழிவிட வேண்டும். நடைபயணியருக்கெனக் கோடிட்ட இடத்தில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். நம்மை ஒருவர் முந்தும்போது நாம் வேகத்தைக் கூட்டலாகாது. அத்தனையும் 'விடு' என்று ஒருவரைப் பணிக்கும் விதிகள். 'பறித்துக்கொள்' என்று எவருக்கும் அவை சொல்லவில்லை. முன்னுரிமை என்பது மற்றவர் நமக்குத் தருவது. அவர் தராதபோது அதனை நிலைநாட்டச் சாலை ஏற்ற இடமன்று.

அந்த நாற்சந்தியில் வந்த இருவருள் ஒருவருக்குச் சட்டப்படி முன்னுரிமை இருந்திருக்கும். எவருக்கு என்பதைக் காவல்துறை முடிவு செய்யும். ஆனால் இருவருள் எவரேனும் ஒருவர், உரிமை உள்ளவரோ இல்லாதவரோ, ஒரு கணம் நின்றிருந்தால் அந்த அம்மையார் அன்றிரவு தம் வீட்டில் சமைத்துக்கொண்டிருப்பார். அவருடைய மகன் இரண்டு நாள் எதுவும் உண்ணாமல் வார்டு வாசலில் அமர்ந்திருந்தார். "ஒரு நிமிஷம் நின்னிருக்கலாம்" என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. அவருக்குச் சிறு சிராய்ப்புகள் மட்டுமே. எனினும் அவருக்கு ஏற்பட்ட காயத்துக்கு எங்களிடம் மருந்தில்லை.

முன்னோர் வகுத்த வரிசை

வழிவிடுதல் நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய அயல்நாட்டு ஒழுக்கம் என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று, பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை. அன்றாட வாழ்வின் ஒழுக்கங்களைத் தொகுத்துரைக்கும் அந்நூல், வழியில் எதிர்ப்படும்போது எவரெவருக்கு விலகி இடந்தர வேண்டும் என்று ஒரு பாட்டில் பட்டியலிடுகிறது. அக்காலச் சமூக வழக்கைச் சார்ந்த சிலர் அப்பட்டியலில் உள்ளனர். அவர்களோடு சுமை சுமந்து வருவோர், நோயுற்றோர், மூத்தோர், இளையோர், பெண்டிர் ஆகியோரும் இடம்பெறுகின்றனர். வண்டிகள் அரிதாயிருந்த ஒற்றையடிப் பாதைகளின் காலத்திலேயே, வலியவர் மெலியவருக்கு விலக வேண்டும் என்னும் நெறியை நம்மவர் எழுதி வைத்திருக்கின்றனர். சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டு, முன்பின் அறியாத வழிப்போக்கனின் தோள்வலியைத் தணிக்க எண்ணியவர்களும் நம் ஊரார்தாம்.

அந்த வரிசையை இன்றைய சாலையில் பொருத்திப் பார்ப்போம். சுமை சுமந்து வருபவர், சமையல் எரிவாயு உருளைகளை ஏற்றிய வண்டிக்காரரும் காய்கறித் தள்ளுவண்டிக்காரரும் ஆவார். அவரால் சட்டென்று நிற்கவும் இயலாது, நின்றபின் எளிதில் நகரவும் இயலாது. மூத்தோர், கைத்தடியுடன் சாலையைக் கடப்பவர். முழங்கால் தேய்ந்த ஒருவர் பத்து மீட்டர் அகலச் சாலையைக் கடக்கப் பதினைந்து விநாடி ஆகலாம். நாம் ஹாரன் அடிப்பதால் அவருடைய முழங்கால் விரைவதில்லை. பதற்றத்தில் தடுமாறி விழத்தான் வாய்ப்பு. அவ்வாறு விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருவோரை நாங்கள் அறிவோம். இளையோர், பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி அதன் முன்புறமாகச் சாலைக்குள் ஓடிவரும் பிள்ளைகள். பேருந்து நின்றிருக்கும்போது அதனை வேகமாக முந்துபவரின் கண்ணுக்கு அப்பிள்ளைகள் கடைசி நொடிவரை தெரிவதில்லை.

வழிவிடுதல் என்பது வண்டியை ஒதுக்குவது மட்டுமன்று. முன் செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விடுவதும் அதில் அடங்கும். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த பின்னர், 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று' என்று மனத்துக்குள் எண்ணி முடிக்குமுன் நாம் அக்கம்பத்தை அடைந்துவிட்டால், மிக நெருங்கிச் செல்கிறோம் என்று பொருள். இரவில் எதிரே வருபவருக்காக முகப்பு விளக்கைத் தாழ்த்துவதும் வழிவிடுதலே. கண்புரை தொடங்கிய ஒருவருக்கு எதிர்விளக்கின் கூரொளி சில விநாடிகளுக்குச் சாலையையே மறைத்துவிடும். அந்தச் சில விநாடிகள் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், விளக்கைத் தாழ்த்துவது அவருக்கு மட்டும் செய்யும் நன்மையன்று என்பது விளங்கும்.

சைரன் ஒலி கேட்கும்போது

அவசர ஊர்திக்கு வழிவிடத் தவறுவது குற்றம். 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. ஆயினும் அபராதத்துக்கு அஞ்சி ஒதுங்குபவரைவிட, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்து ஒதுங்குபவரே விரைந்து ஒதுங்குவார் என்று நாங்கள் நம்புகிறோம். மூளையின் குருதிக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் கண்டவருக்குச் சிகிச்சை கிட்டாத ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக மருத்துவ ஆய்வு கணித்துள்ளது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே வரம்பு. அதிலும் முன்னதாகப் போட்டால் பயன் மிகுதி. விபத்தில் பலத்த காயமடைந்தவரின் முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டமே 'பொன்னான நேரம்' என்று பெயரிட்டு வரையறுத்திருக்கிறது.

சைரன் கேட்டவுடன் திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டாம். கண்ணாடியில் பார்த்து, இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டு, ஓரத்துக்கு வந்து வேகத்தைக் குறைத்து, தேவையெனில் நின்றுவிடுங்கள். நாற்சந்தியில் உங்களுக்குப் பச்சை விளக்கு எரிந்தாலும், குறுக்கே ஆம்புலன்ஸ் வந்தால் அதனை முதலில் போக விடுங்கள். ஆம்புலன்ஸ் கடந்தவுடன் அது பிளந்து சென்ற வழியில் பின்தொடர்ந்து விரைவது மிகத் தவறான செயல். ஒதுங்கி நின்றவர்கள் மீண்டும் சாலைக்குள் வரும் நேரம் அது. ஓர் ஆம்புலன்ஸுக்குப் பின் இன்னொன்று வருவதும் உண்டு.

நம் மக்களுக்கு வழிவிடத் தெரியாது என்று சலித்துக்கொள்வோருக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். 2008 செப்டம்பரில், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் கொடையளித்தனர். சென்னைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேரில் காத்திருந்த ஒரு சிறுமிக்கு அவனுடைய இதயத்தைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. போக்குவரத்துக் காவலர்கள் வழியெங்கும் நின்று சாலையை ஒழுங்கு செய்தனர். வழக்கமாக முக்கால் மணி நேரம் பிடிக்கும் தூரத்தைக் கால் மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் அந்த ஊர்தி கடந்தது. தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை பற்றிய எண்ணத்தையே மாற்றிய நிகழ்ச்சி அது. ஒரு மாநகரம் முழுவதும் ஓர் இதயத்துக்காக நிற்க முடிந்தது. பெயர் தெரியாத ஒருவருக்காக நம் தெருமுனையில் பத்து விநாடி நிற்பது அதனினும் அரிதன்று.

எங்களிடம் வரும் உங்களுக்கு

நோயாளரின் குடும்பத்தினர் சாலையில் தனிப்பட்ட ஆபத்துக்கு ஆளாகின்றனர் என்பதைப் பலர் உணர்வதில்லை. உறவினரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, அதன் பின்னாலேயே இருசக்கர வாகனத்தில் துரத்தி வருவோர் உண்டு. வேண்டாம். ஒருவர் ஆம்புலன்ஸில் உடன் வந்தால் போதும். மற்றவர்கள் நிதானமாக வந்து சேருங்கள். நீங்கள் ஐந்து நிமிடம் பிந்தி வருவதால் சிகிச்சை தடைப்படாது. துயரச் செய்தியைக் கேட்ட ஒருவரின் கையில் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். பதற்றமில்லாத வேறொருவர் ஓட்டட்டும்.

இரவெல்லாம் கண்விழித்து நோயாளரைப் பார்த்துக்கொண்டவர் விடியற்காலையில் வண்டியை எடுப்பது மிகுந்த ஆபத்தானது. மூன்று விநாடி கண்ணயர்ந்தால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 50 மீட்டர் தூரம் ஓட்டுநரின்றி ஓடியதற்குச் சமம். காத்திருப்போர் கூடத்தில் ஒரு மணி நேரம் உறங்கிவிட்டுச் செல்லுங்கள். அல்லது பேருந்திலோ ஆட்டோவிலோ செல்லுங்கள்.

நோயாளர்களுக்கும் ஒரு சொல். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்ட நாளில் வண்டி ஓட்டாதீர்கள். எண்டோஸ்கோபி போன்ற பரிசோதனைக்காக மயக்க ஊசி போட்டிருந்தால், நன்கு தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் அடுத்த 24 மணி நேரத்துக்கு ஓட்ட வேண்டாம். ஒவ்வாமை, தூக்கமின்மை, வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான மருந்துகளில் சில, உறக்கத்தை வரவழைக்கும். மருந்துச் சீட்டைப் பெறும்போதே, 'இதை உட்கொண்டு வண்டி ஓட்டலாமா' என்று எங்களைக் கேளுங்கள். வீடு திரும்பும் நாளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை இருசக்கர வாகனத்தில் இருவருக்கு நடுவே அமர்த்தி அழைத்துச் செல்லாதீர்கள்.

இறுதியாக எங்கள் வாயில். அந்தச் சரிவுப் பாதையில் ஒரு நிமிடம்கூட எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள். இதனை உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் நழுவ விரும்பவில்லை. இரவுப்பணிக்கு வரும் எங்கள் பணியாளர்களின் வண்டிகளும் அப்பாதையின் ஓரத்தை அடைத்து நின்றதுண்டு. அந்த மாலைக்குப் பின்னர் அதனை நாங்கள் நிறுத்திக்கொண்டோம். அங்கு நம்மில் எவர் வண்டியைக் கண்டாலும், மருத்துவருடையதே ஆயினும், காவலரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நான் ஒருவன் விட்டுக்கொடுத்தால்?

"சாலை குறுகல், எங்கும் பள்ளம், எதிர்த்திசையில் வருவோரைக் கேட்பாரில்லை, நான் ஒருவன் விட்டுக்கொடுத்து என்ன ஆகும்?" என்று கேட்போர் உண்டு. குறை உண்மையே. நல்ல சாலையும், வெளிச்சமும், நடைபாதையும், சட்டத்தைச் சீராகச் செயற்படுத்தலும் அரசின் கடமைகள். நம் நயத்தக்க நடத்தை அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் பள்ளமான, குறுகலான சாலையில்தான் ஒருவருக்கொருவர் வழிவிடுவது இன்னும் தேவைப்படுகிறது. அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

"விட்டுக்கொடுப்பவனை ஏமாளி என்பார்கள்" என்பது இன்னொரு தயக்கம். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், முகம் சுளிப்பார். அடிக்கட்டும். அவ்வொலியால் எவருக்கும் எலும்பு முறிவதில்லை. உங்கள் வண்டியின் பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை, நீங்கள் ஒரு முதியவருக்காக நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்தாண்டுகளில் அப்பிள்ளையின் கையில் ஒரு வண்டி இருக்கும். உரிமம் பெறும் தேர்வில் கற்பதைவிட அன்று பார்த்ததே அதன் நினைவில் நிற்கும்.

விபத்தைக் காண நேர்ந்தால், அடிபட்டவருக்காகவும் உங்கள் நேரத்தில் சிறிது விட்டுக்கொடுங்கள். 108-ஐ அழையுங்கள். நல்லெண்ணத்துடன் உதவுபவரைச் சட்டம் காக்கிறது; அவர் தம் பெயரையோ முகவரியையோ தெரிவிக்குமாறு எவரும் வற்புறுத்த இயலாது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆகவே செலவை எண்ணியும் தயங்க வேண்டியதில்லை.

சரிவுப் பாதையில் காரை நிறுத்தியவர் மறுநாள் காலை மீண்டும் வந்தார். காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்துடன் நடந்து வந்திருந்தார். தந்தையின் வார்டுக்குச் செல்லுமுன் காவலரிடம் அவர் கேட்டது, "நேத்து வந்த அந்த அம்மா எப்படி இருக்காங்கண்ணே?" என்பதுதான். இப்போது அவ்வம்மையார் வாக்கரைப் பற்றிக்கொண்டு வார்டுக்குள் பத்தடி நடக்கிறார். இன்னும் சில மாதங்கள் ஆகும்.

இன்று மாலை நீங்கள் எங்கள் வாயிலைவிட்டு வெளியேறி முதன்மைச் சாலையில் சேரும் இடத்தில், வண்டிகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு கணம் நில்லுங்கள். வருபவரைப் போக விடுங்கள். பின்னர் மெல்லச் செல்லுங்கள். உங்களை மீண்டும் நலம் பெற்றவராகவும், நலம் விசாரிக்க வருபவராகவும் மட்டுமே காண விரும்புகிறோம்.